கைக்கு எவ்வளவு வேணும்?

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொல்லி வைத்தார்கள். விற்றுப்பார் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. சொன்னவர்களுக்கு விற்கிற நிலைமை வந்ததில்லை போலும். நமக்கு வருகிறது. மகளின் படிப்புச் செலவுக்கு, மருத்துவமனைக் கடனுக்கு, ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட மகனோடு சேர்ந்திருக்க என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு தலித் குடும்பம் தன் வீட்டை விற்கப்போவதாக வாய் திறந்ததும் வந்து விழுகிற முதல் கேள்வி விலையைப் பற்றியது அல்ல. "வீடு எந்தப் பக்கம்?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்குத் திசை பதில் ஆகாது. கிழக்கு, மேற்கு என்று சொன்னால் கேட்டவர் திருப்தி அடைய மாட்டார். ஊர்ப் பக்கமா, காலனிப் பக்கமா என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்துவிட்டால் விலை தானாகக் கீழே இறங்கும். சிமென்டும் கம்பியும் செங்கல்லும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கடையிலிருந்து ஒரே விலைக்குத்தான் வந்தன. கொத்தனாருக்குக் கொடுத்த கூலியும் ஒன்றுதான். கட்டும்போது இல்லாத வேறுபாடு விற்கும்போது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு. வரவேற்றோம், இப்போதும் வரவேற்கிறோம். பெயர்ப்பலகையை மாற்ற ஒரு நாள் போதும். "எந்தப் பக்கம்?" என்று கேட்கும் நாக்கை மாற்ற எத்தனை நாளாகும் என்று எந்த ஆணையிலும் எழுத முடியாது. இன்றைக்கு வீட்டை விற்க நிற்பவர் அதுவரை காத்திருக்க முடியுமா?

காலனியை விட்டு வந்து நகரத்தில் எல்லோரும் வாழும் நகரில் மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் வீட்டைத் தானே விற்க முயன்றார். வாங்க வந்த குடும்பம் அறை அறையாகப் பார்த்தது. கிணற்று நீரைக் குடித்துப் பார்த்தது. வாஸ்து சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்தது. கடைசியாகக் கூடத்துக்கு வந்தபோது சுவரில் மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்தது. "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று கிளம்பியவர்கள் அதன்பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. ஆறு மாதத்தில் நான்கு குடும்பங்கள் வந்தன, நான்கும் இப்படியே போயின. ஐந்தாவதாக வந்தவர் சாதி தெரிந்தே வந்தவர். வேறு ஆள் வர மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் விலையை அவரே சொன்னார்.

இது நம் மாவட்டத்துக்கு மட்டும் உரிய நோய் அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் சிட்டி என்ற ஊரில் ஒரு கறுப்பினத் தம்பதியின் வீட்டை 2020-இல் மதிப்பீடு செய்தார்கள். 9 லட்சத்து 95 ஆயிரம் டாலர் என்று வந்தது. தம்பதிக்குச் சந்தேகம். சில வாரங்கள் கழித்து மறுபடி மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்தார்கள். இம்முறை தங்கள் குடும்பப் படங்களைக் கழற்றி வைத்தார்கள். வெள்ளை இனத் தோழி ஒருவரைத் தன் குடும்பப் படங்களோடு வீட்டுக்காரராக நிற்கச் சொன்னார்கள். அதே வீடு, அதே சுவர். மதிப்பு 14 லட்சத்து 82 ஆயிரம் டாலரைத் தாண்டியது. வழக்குப் போட்டார்கள். 2023-இல் சமரசத்தில் முடிந்தது.

அவர்களால் வழக்குப் போட முடிந்ததற்குக் காரணம், அங்கே 1968-லேயே வீட்டு நியாயச் சட்டம் வந்துவிட்டது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் கையெழுத்தான சட்டம் அது. வீடு விற்பதிலும் வாங்குவதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்ப்பது குற்றம் என்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பட்டியலிடுகிறது. தனியார் வீட்டு விற்பனை அதில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் நிலத்தை அபகரித்தால், நம்மை வெளியேற்றினால், சமூகப் புறக்கணிப்புச் செய்தால் பாயும். "வேண்டாம்" என்று சொல்லாமல், போனை எடுக்காமல் விட்டவர்மேல் எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது? 2005-இல் அகமதாபாத்தின் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், தங்கள் சமூகத்தவருக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற சங்க விதி செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே விற்பவர் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கேதான் தரகர் வருகிறார். தருமபுரி வழக்கில் சொன்னால் புரோக்கர்.

புரோக்கர் என்றதும் நம் ஆட்களில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறோம். ஒன்றும் செய்யாமல் இரண்டு சதவீதம் வாங்கிக்கொண்டு போகிறவர் என்கிறோம். நம் கருத்து வேறு. மற்றவர்களுக்குத் தரகர் ஒரு வசதி. நமக்குப் பல நேரங்களில் அவர் தேவை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே ஓர் ஆள் நின்றால், பேச்சு வீட்டைப் பற்றி மட்டும் நடக்க வாய்ப்பு உண்டு. சாவியை அவரிடம் கொடுத்துவிட்டால், வீட்டைக் காட்டுவது அவர் வேலை. கூடத்தில் யார் படம் மாட்டியிருந்தது என்பதை வாங்குபவர் பார்க்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் வரை விலையும் அளவும் ஆவணமும்தான் பேச்சு.

இது மறைப்பது ஆகாதா, நம்மை நாமே ஒளித்துக்கொள்வது ஆகாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். 11-ஆம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. அந்த அவமானத்தை அவர் பின்னாளில் தானே எழுதினார். அங்கே அவர் வேறொருவராகச் சொல்லிக்கொள்ள நேர்ந்தது. நாம் சொல்வது அது அல்ல. பொய்ப் பெயர் சொல்லச் சொல்லவில்லை. பத்திரத்தில் நம் பெயரும் தகப்பனார் பெயரும் உள்ளபடியே இருக்கும். நம் தாத்தா காலத்துப் பத்திரங்களில் பெயருக்குப் பின்னே சாதி எழுதும் வழக்கம் இருந்தது. இன்று அது தேவையில்லை. தேவையில்லாததை வாங்குபவர் கேட்டால் பதில் சொல்லும் கடமை நமக்குக் கிடையாது. வீட்டுக்கு விலை கேட்பவரிடம் வீட்டைக் காட்டினால் போதும்.

விலை விஷயத்துக்கு வருவோம். பதிவுத்துறையின் இணையதளத்தில் தெரு வாரியாக, சர்வே எண் வாரியாக வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பலர் அதையே விலை என்று நினைத்துவிடுகிறோம். அது அரசு முத்திரைத் தீர்வை கணக்கிட வைத்திருக்கும் அடிமட்டம். 2017 ஜூனில் அதை ஒரே வீச்சில் 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக ஏற்றினார்கள் என்பதிலிருந்தே அதற்கும் சந்தைக்கும் உள்ள உறவு புரியும். பக்கத்துத் தெருவில் போன மாதம் என்ன விலைக்குக் கைமாறியது, யார் வாங்கினார், வங்கிக் கடன் எவ்வளவு கிடைத்தது, இதெல்லாம் தெரிந்தவர் தரகர்தான். அந்தப் பேச்சு நடக்கும் திண்ணைகளில் நமக்கு இன்னும் இடமில்லை. இடமில்லாத இடத்தில் நடக்கும் பேச்சை நமக்காகக் கேட்டுவர ஓர் ஆள் வேண்டும். ஒருவரே வந்து ஒரே விலை சொன்னால் அது விலை ஆகாது. மூன்று பேராவது வந்து மூன்று விலை சொன்ன பிறகுதான் வீட்டின் மதிப்பு நமக்கே தெரியவரும்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கோவலன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டான். ஊர் புதிது, தெரிந்தவர் யாரும் இல்லை, கையில் விற்க ஒற்றைச் சிலம்பு. எதிரே வந்த பொற்கொல்லனிடம் விலை மதிக்க முடியுமா என்று கேட்டான். கேட்கப்பட்டவனோ அரசியின் சிலம்பைத் திருடியவன். மதிப்புச் சொல்கிறவருக்கு அந்தப் பொருளில் வேறு கணக்கு இருக்குமானால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பழைய சாட்சி தமிழில் இருப்பதாகத் தெரியவில்லை.

அலைச்சல் இன்னொன்று. நம் வீடுகளில் பெரும்பாலானவற்றின் ஆவணங்கள் இறந்துபோனவர்களின் பெயரில் இருக்கின்றன. தாத்தா பெயரில் பட்டா, அப்பா பெயரில் மின் இணைப்பு, குடியிருப்பது பேரன். விற்க வேண்டும் என்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று என்று கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும். தினக்கூலிக்காரர் ஒரு நாள் நடந்தால் ஒரு நாள் கூலி போச்சு. தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவிக்கும் மகள்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் கையெழுத்து இல்லாமல் விற்றால் பின்னால் வழக்கு வரும். கிறித்தவக் குடும்பமானால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பங்கு பிரியும். ஒரு மகள் திருப்பூரில், ஒருத்தி பெங்களூரில், மூத்தவர் கேரளத்தில் கட்டட வேலையில். எல்லோரையும் ஒரே நாளில் சார்பதிவாளர் முன் கொண்டுவந்து நிறுத்துகிற தரகர் தன் கமிஷனை உழைத்துத்தான் வாங்குகிறார். அதைக் கொடுக்க முணுமுணுக்கக் கூடாது.

2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. வீட்டோடு பீரோவும் பீரோவோடு காகிதங்களும் எரிந்தன. பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். நெருப்பில் போனாலும், கரையான் அரித்தாலும், அடகுக்காரர் தர மறுத்தாலும், பதிவேட்டில் இருப்பது அங்கேயே இருக்கிறது. விற்கும் எண்ணம் இல்லாதவர்களும் ஒரு நகல் வாங்கி, வீட்டுக்கு வெளியே நம்பகமான இடத்தில் வைத்துவிடுவது நல்லது.

இதுவரை சொன்னது தரகர் நம் ஆளாக நின்றால் நடப்பது. நம் மாவட்டத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு.

தரகர் வருகிறார். வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். வயதில் தன் தகப்பனாரை ஒத்தவரிடம், "கைக்கு எவ்வளவு வேணும், அதை மட்டும் சொல்லு" என்கிறார். ஒருமையில்தான். கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும். கமிஷனே வேண்டாம், உனக்கு வேண்டியதை வாங்கிக்கொள், மேலே வருவது என் சாமர்த்தியம் என்கிறார். நாமும் மகிழ்ந்துபோய் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு கணக்குக்கு வைத்துப் பார்ப்போம். வீடு 30 லட்சம் போகும். "காலனிக்காரங்க வீடு, 22-க்கு மேல எவனும் வர மாட்டான்" என்கிறார் தரகர். நாம் 22-க்குத் தலையாட்டுகிறோம். அவர் வாங்குபவரிடம் யார் வீடு என்ற பேச்சையே எடுக்காமல் 29-க்கு முடிக்கிறார். 7 லட்சம் அவர் பைக்குப் போகிறது. இரண்டு சதவீதக் கமிஷன் பேசியிருந்தால் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டியது 58 ஆயிரம். சாதியின் பேரைச் சொல்லிக் குறைத்த விலையை வாங்குபவர்கூட அனுபவிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நடுவில் நின்றவர் அதைத் தன் வருமானமாக்கிக்கொண்டார். இந்தத் தொகையை நாம் தீண்டாமை வரி என்றுதான் சொல்வோம். வசூலிப்பவர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்.

இதைத் தட்டிக் கேட்கச் சட்டம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவருக்கென்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. பிரிவு 213, கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. பிரிவு 216, உடைமையாளருக்குத் தெரியாமல் முகவர் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால் அதில் வந்த ஆதாயத்தை உடைமையாளர் கேட்டு வாங்கலாம் என்கிறது. பிரிவு 219, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகே கூலி என்கிறது. பிரிவு 220, முறைகேடு செய்த முகவருக்கு அந்தப் பகுதிக்குக் கூலியே இல்லை என்கிறது. பிரிவு 215-இல் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவர் தன் நிலத்தை விற்றுத்தரச் சொல்லி முகவரிடம் ஒப்படைக்கிறார். நிலத்தைச் சுற்றிப் பார்த்த முகவர் அதில் சுரங்கம் இருப்பதைக் கண்டுகொள்கிறார். அதைச் சொல்லாமல், நானே வாங்கிக்கொள்கிறேன் என்று வாங்கிவிடுகிறார். உண்மை தெரிந்ததும் உடைமையாளர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம் என்கிறது சட்டம்.

சுரங்கம் நமக்கு எங்கே இருக்கிறது என்று சிரிக்க வேண்டாம். அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு வழியாக ஓசூர் போகும் நெடுஞ்சாலை எந்த ஊர் ஓரத்தில் வருகிறது, நல்லம்பள்ளி வட்டத்தில் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு எந்த எல்லை வரை நிலம் போகிறது, மொரப்பூர் ரயில்பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் இன்றைய சுரங்கங்கள். தரகருக்கு முதலில் தெரிகிறது, நமக்குக் கடைசியில் தெரிகிறது. தெரிந்ததைச் சொல்லாமல் நம்மிடம் அவரே வாங்கினாலும், மைத்துனர் பெயரில் வாங்கினாலும், அது 150 ஆண்டுகளாகச் சட்டத்துக்கு ஒவ்வாத செயல்.

'பவர்' என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் எழுந்து நின்றுவிட வேண்டும். ஒரு லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டு, "அலைச்சல் எதுக்கு, எனக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்துட்டா நானே முடிச்சிடறேன்" என்பார்கள். விற்கும் அதிகாரம் முழுவதும் அதில் போய்விடும். பிறகு யாருக்கு, என்ன விலைக்கு என்று நம்மைக் கேட்க வேண்டியதே இல்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் வீடு, நில விற்பனைக்கான ஒப்பந்தமும் பொது அதிகாரப் பத்திரமும் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டியவை. பவரை வைத்துக்கொண்டு வீடே கைமாறிவிட்டதாகக் கருத முடியாது, பதிவான கிரயப் பத்திரம்தான் உரிமையை மாற்றும் என்று 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தரகருக்கு நாம் கொடுக்க வேண்டியது ஆள் தேடும் பொறுப்பு மட்டும். விற்கும் அதிகாரம் நம் கட்டைவிரலிலேயே இருக்கட்டும்.

முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2015 ஜூன் முதல், வீடு நிலம் விற்பனைக்காக 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. அபராதம் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கிய நமக்கு. இரு தரப்பும் விவசாய வருமானம் மட்டும் உள்ளவர்களாக, வரி கட்டும் அளவுக்கு வேறு வருமானம் இல்லாதவர்களாக இருந்தால் விலக்கு உண்டு. ஆசிரியரோ அலுவலக ஊழியரோ விற்கும்போது அந்த விலக்கு உதவாது. வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்ததே, தரகர்கள் பதிவு செய்ய வேண்டுமே என்று விவரம் தெரிந்த இளைஞர்கள் கேட்கலாம். வேண்டும். ஆனால் அது ஆணையத்தில் பதிவான மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடித் திட்டங்களையும் விற்றுத்தரும் முகவர்களுக்கு. நம் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்றுத்தரும் தேநீர்க்கடைத் தரகர் அந்த வலைக்குள் வருவதில்லை. அவரைக் கட்டுப்படுத்த மிச்சமிருப்பது அந்த 1872 சட்டமும் நாம் எழுதி வாங்கும் காகிதமும்தான்.

எந்தத் தரகராலும் விற்றுத்தர முடியாத சில உண்டு. அரசு கொடுத்த இலவச வீட்டுமனைப் பட்டாவில் நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருக்கும். எத்தனை ஆண்டுகள் விற்கக் கூடாது, யாருக்கு விற்கலாம் என்பதை விற்கும் யோசனை வந்ததுமே படித்துவிட வேண்டும். பஞ்சமி நிலம் அதைவிடக் கறாரானது. செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையின் பயனாக 1892-இல் ஆணை பிறந்து, மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் நம் முன்னோருக்கு ஒதுக்கப்பட்டது என்பது வரலாறு. முதல் பத்து ஆண்டுகள் விற்கவே கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்களை மீட்கக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டுப் பகுதியில் காரணை போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் நிற்கும் வீட்டை, "அதெல்லாம் ஆபீசுல பாத்துக்கலாம்" என்று சொல்லி வேற்றுச் சாதியினருக்கு முடித்துத்தர ஒரு தரகர் முன்வந்தால் அவர் நம் தலையில் வழக்கைக் கட்டுகிறார் என்று பொருள். விற்பனை செல்லாது. வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார், ஏமாற்றினார் என்று நம்மேல் புகார் கொடுப்பார். கமிஷன் வாங்கியவர் அப்போது ஊரில் இருக்க மாட்டார். அத்தகைய நிலத்துக்கு நம் சமூகத்திலேயே வாங்குபவரைத் தேடித்தருவது முறையான வேலை. அதைச் செய்யத் தரகர்கள் குறைவு.

காரணம் எளிது. இந்தத் தொழிலில் நம் ஆட்கள் குறைவு. 1924-இல் அமெரிக்கத் தரகர் சங்கம் தன் நடத்தை விதிகளில், ஒரு பகுதியின் சொத்து மதிப்பைக் கெடுக்கும் இனத்தவரை அங்கே குடியேற்றுவதற்குத் தரகர் காரணமாகக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தது. அந்தப் பழைய குற்றங்களுக்காக அதே சங்கம் 2020 நவம்பரில்தான் மன்னிப்புக் கேட்டது. நம் ஊரில் யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. எழுதாமலேயே நடக்கிறது. எந்த மனைப்பிரிவில் யாருக்குக் காட்டுவது, யாரிடம் "வித்துப் போச்சு" என்று சொல்வது என்பதைத் தீர்மானிப்பவர் தரகர். சார்பதிவாளர் அலுவலக வாசலில் காலை பத்து மணிக்குக் கூடும் தரகர்களிலும் பத்திர எழுத்தர்களிலும் நம் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாவட்ட மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 16 சதவீதம். பட்டப்படிப்பு முடித்துவிட்டுத் தேர்வு அறிவிப்புக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பட்டா, சிட்டா, வில்லங்கம் மூன்றையும் இணையத்தில் எடுத்துப் படிக்கத் தெரிந்தால் பாதித் தொழில் தெரிந்த மாதிரி. காத்திருக்கும் நேரத்தில் இதைக் கற்றுக்கொண்டால் தாழ்வில்லை. நம் சாதிக்காரர் என்பதற்காக எழுதி வாங்காமல் விட்டுவிடவும் வேண்டாம். கணக்கு கேட்டால் கோபப்படுகிறவர் எந்தத் தெருக்காரராக இருந்தாலும் நமக்கு வேண்டாதவர்.

எழுதி வாங்குவது பெரிய வித்தையல்ல. ஒரு தாளில், தமிழில், இவ்வளவு போதும். வீட்டின் சர்வே எண்ணும் அளவும். இந்தத் தொகைக்குக் குறையாமல் விற்கத் தேட வேண்டும் என்பது. வாங்குபவர் சொல்லும் விலை எதுவானாலும் அப்படியே நமக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது. கமிஷன் இத்தனை சதவீதம், கிரயம் பதிவான அன்று மட்டுமே தரப்படும் என்பது. வாங்குபவரிடமும் கமிஷன் வாங்குவதானால் அதை நமக்குச் சொல்ல வேண்டும் என்பது. தரகரோ அவர் உறவினரோ வாங்குவதானால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது. மூன்று மாதத்துக்குள் முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கும் உரிமை நமக்கு என்பது. இரு தரப்புக் கையெழுத்து, இரண்டு சாட்சி, ஆளுக்கு ஒரு நகல். விலைக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. இதில் கையெழுத்திட மறுக்கும் தரகர் ஏன் மறுக்கிறார் என்று அவரையே கேட்கலாம், பதில் சுவையாக இருக்கும்.

தாளை எழுதுவதில் சந்தேகம் இருந்தால் தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12-இன்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் அப்படியே. தொலைபேசியில் கேட்க 15100. போகும்போது பட்டா நகல், மூலப்பத்திர நகல், ஆதார் அட்டை, சாதிச் சான்று ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தரகர் ஏற்கெனவே எதிலாவது கையெழுத்து வாங்கியிருந்தால் அதன் நகலையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.